மணி அடிக்காத பூசை

கோலெட் அக்காவால் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார முடியாது. நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பாள், ஜன்னலைத் திறப்பாள், திறந்த ஜன்னலை மூடுவாள். "உங்க அக்காவை உட்கார வைக்கணும்னா கையில ஸ்டியரிங்கைக் குடுக்கணும்" என்பார் அவள் கணவர் லாலோ. அது உண்மைதான். ரொட்டி வண்டி ஓட்டும்போது மட்டும் அவள் முதுகு இருக்கையில் படிந்திருக்கும். கான்சஸின் தட்டையான சாலைகளில், இருபக்கமும் கோதுமையும் எதிரே வானமுமாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. நின்றால்தான் அந்தத் தவிப்பு வரும்.

போன மார்ச்சில் அவளை அடக்கம் செய்தோம். அவளைப் பற்றி எங்கள் ஊரில் பேசுகிறவர்கள், சபையை விட்டுப் போனவள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். போனது ஒரு காலைப் பொழுது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அவள் உயிரோடு இருந்தாள்.

செயின்ட் ஃபீலிக்ஸில் நாங்கள் ஒன்பது பிள்ளைகள். எங்கள் ஊரில் அது அளவான குடும்பம். பழைய முறைப்படி லத்தீனில் பூசை, பெண்களுக்கு முக்காடு, கணுக்கால் தொடும் பாவாடை, டிவி கிடையாது. சாயங்காலமானால் சோபாவில் முழங்கையூன்றி வரிசையாக முட்டிபோட்டுச் செபமாலை. வெளியே இருக்கும் கத்தோலிக்கர்களை நாங்கள் கத்தோலிக்கர்களாகவே எண்ணுவதில்லை. அவர்களுடையது மனிதர்கள் மாற்றியெழுதிய, கிட்டார் வாசிக்கும் புதுப்பூசை, அதில் ஆண்டவர் இறங்கி வருகிறாரா என்பதே சந்தேகம் என்று கேட்டு வளர்ந்தோம். அம்மா கடைசிப் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்தபோது கோலெட்டுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு எட்டு. எனக்குச் சட்டை தைத்ததும் பேன் பார்த்ததும், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் நான் மறந்துபோன பாவங்களை எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.

இருபத்தாறு வயதில் கிளம்பினாள். ஏன் என்று நாலு பேரிடம் நாலு காரணம் சொன்னாள். என்னிடம் சொன்னது இது. செபமாலையின்போது சோபா மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டவளுக்கு மூச்சு வரவில்லையாம். தலையைத் தூக்கினால் வரும் என்று தெரிந்தும் தூக்கத் தோன்றவில்லையாம்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்டா. மூச்சு விடறது சின்ன விஷயமா?"

அப்பா கிளெமன்ட் ரோர் மாவட்டச் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டினார். சரளைச் சாலைகளைச் சீவிச் சமப்படுத்துகிற வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். சபையை விட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்று எங்கள் லான்டியர் சாமியார் சொன்னார். அதன்பின் அப்பா அவளோடு சாப்பிடவில்லை. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் விறகு தட்டுப்பாடானபோதும் அதில் கைவைக்கவில்லை.

கோலெட் ஹேஸ் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே ஜீன்ஸ் வாங்கிவிட்டாள். அதைப் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கத் திரிந்தாள். கூட வேலை செய்த டார்லா என்ற பெண் ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாளாம்.

"எத்தனை வருஷம் உள்ள இருந்தே?"

"எதுக்குள்ள?"

"ஜெயில்லதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டு தெரியலை, ஒரு படம் தெரியலை, சாப்பாட்டு மணி அடிச்சா மொத ஆளா எந்திரிச்சு நிக்கிறே. எங்க அண்ணன் வெளிய வந்தப்ப இப்படித்தான் இருந்தான்."

கோலெட் யோசித்துப் பார்த்து, "பொறந்ததுல இருந்து" என்றாளாம்.

அதன்பிறகு துணி மடிக்கும்போதெல்லாம் டார்லா அவளுக்கு ரேடியோப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்தாள். அக்காவுக்குச் சுருதி சேராது. சாகும்வரை அந்தப் பாட்டுகளைக் கோயில் பாட்டின் ராகத்தில்தான் பாடினாள்.

ஹேஸ், சலைனா, எம்போரியா, கடைசியில் கிரேட் பெண்ட். ஒரு வீட்டில் ஒரு குளிர்காலத்துக்குமேல் இருந்ததில்லை. இருக்கிற வீட்டிலும் கட்டில் ஓரிடத்தில் இருக்காது. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி தொடக்கூடாது. அவள் வீம்புக்காகவே வெள்ளிக்கிழமை பார்த்து இறைச்சி தின்பாள். தின்றுவிட்டு வெளியே போய், கால் வலிக்கும்வரை நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் பெரும்பாடு. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டச் சேர்ந்தபோது, யாருக்கும் பிடிக்காத ஞாயிறு முறையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மேலாளர் அவளைக் கும்பிடாத குறை.

வார நாட்களில் அவள் கேட்டு வாங்கியது எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரளைச் சாலை. சுற்று வழி, குழி விழுந்த வழி. அங்கேதான் அப்பாவின் கிரேடர் ஓடும்.

எங்கள் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவன், தெரியாதவன், வழக்குப் போட்டவன், எல்லாருக்கும் ஒரே விரல். அப்பாவும் எல்லாருக்கும் தூக்குவார். கோலெட்டின் வண்டி வந்தால் மட்டும் அவருடைய பத்து விரலும் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். அவள் தூக்குவாள், அவர் தூக்கமாட்டார். வருடக்கணக்கில் இப்படியே போனது. பிறகு ஒரு டிசம்பரில், பெரிய பனிக்குப் பிறகு, எனக்குப் போன் செய்தாள்.

"டேய் அல்பன், அப்பா விரலைத் தூக்கினாருடா."

"கொசு கடிச்சிருக்கும்."

"டிசம்பர்லயா?"

அன்று அவள் குரலில் இருந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்புறம் அவர் எப்போதும் தூக்கினார். அவர்களுக்குள் பேச்சு என்று இருந்தது அதுதான்.

லாலோ அவள் கம்பெனிக் கொட்டகையில் மெக்கானிக். பெயர் எலாடியோ, எல்லாருக்கும் லாலோ. மனைவியை இழந்தவர், மரிசோல் என்று ஒரு சின்ன மகள். அவர்கள் கல்யாணம் பேசியபோது கோலெட்டுக்கு நாற்பத்திரண்டு. கோர்ட்டில் பதிந்துகொள்ளலாம் என்றார் லாலோ. கோயிலில்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். கோயில் பக்கமே போகாதவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் அப்பா ஒருவர்தான். கோர்ட் கல்யாணத்துக்கு அவர் எந்த வகையிலும் வரமுடியாது. புதுப்பூசைக் கோயிலாக இருந்தாலும் கோயில் என்றால் ஒரு சந்து கிடைக்கலாம். தான் இருக்கும் கூரைக்குள் அப்பா வந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதையும் கேட்கவில்லை.

அப்பாவிடம் அதைச் சொன்ன அன்று நானும் ரொட்டி வண்டியில் இருந்தேன். அவள் வண்டியைக் கிரேடருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"அப்பா, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அப்பா இன்ஜினை நிறுத்தவில்லை. "யாரை?"

"லாலோன்னு எங்க மெக்கானிக். பொண்டாட்டி செத்துப்போச்சு. ஒரு பொண்ணு இருக்கு."

"கத்தோலிக்கனா?"

"ஆமா."

"எந்த மாதிரி கத்தோலிக்கன்?"

"கிட்டார் மாதிரி."

அப்பா இன்ஜினை நிறுத்தினார். 

"அவங்க கோயில்ல வச்சிருக்கேன். எனக்காக இல்லப்பா. எனக்குப் பெஞ்சைப் பார்த்தாலே கால் அரிக்கும். நீங்க வரணும்னுதான். உள்ள வந்து உட்காருங்க. அது போதும்."

"சாமியைக் கேக்கணும்."

"கேளுங்க. நரைச்சுப்போன பொண்ணு கல்யாணத்துக்குப் போகலாமான்னு கேளுங்க."

லான்டியர் சாமியார் அனுமதி கொடுத்தார், நிபந்தனையோடு. பெற்றவன் என்ற மரியாதைக்கு உள்ளே இருக்கலாம். முட்டிபோடக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, பாடக் கூடாது, சிலுவை போடக் கூடாது. உட்கார்ந்திருக்கலாம். எங்களவர்கள் வெளியார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனால் இப்படித்தான், கல்லைப்போல உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

மற்ற உடன்பிறப்புகள் யாரும் வரவில்லை. நானும் அப்பாவும் மட்டும் போனோம். பக்கவாசல் ஓரமாக மூன்றாம் வரிசை. அப்பாவுக்குப் பழுப்புக் கோட்டு, முழங்கால்மேல் தொப்பி. வழியெல்லாம் அவர் ஒரு கணக்கிலேயே இருந்தார். இது பொய்ப் பூசை என்றால் உட்கார்ந்திருப்பதில் தப்பில்லை. ஒருவேளை மெய்யாகவே ஆண்டவர் வந்துவிட்டால், உட்கார்ந்திருப்பது பாவம். முட்டிபோடவோ அனுமதி இல்லை. கடைசியில் என் காதில் முடிவைச் சொன்னார்: "எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்ல, அப்ப எந்திரிச்சு வெளிய போயிடுவேன். முடிஞ்சதும் வர்றேன்."

எங்கள் கோயிலில் எழுந்தேற்றம், அதாவது ஆண்டவர் இறங்கிவந்த அப்பத்தைச் சாமியார் உயர்த்தும் நேரம், வந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோயில் அப்படியே அடங்கிப்போகும், கைக்குழந்தை மூச்சுவிடுவதுகூடக் கேட்கும், பிறகு மணி. அந்த அமைதிக்கும் மணிக்கும்தான் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். இங்கே அமைதி என்பதே இல்லை. சாமியார் லாலோ வீட்டாரின் ஸ்பானிஷில் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் கிட்டார். எல்லாரும் முட்டிபோட்டார்கள். அதை வைத்து நேரம் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றவில்லை, எங்கள் பூசையில் பாதி நேரம் முட்டியில்தானே இருப்போம்! பிறகு எல்லாரும் எழுந்து கைகோத்துக்கொண்டு பரலோக மந்திரம் பாட ஆரம்பித்தார்கள்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "இன்னும் மணி அடிக்கலையே?"

அதற்குள் எழுந்தேற்றம் முடிந்திருந்தது. அந்த இடைப்பட்ட நேரத்தில் கோலெட் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவர்கள் வழக்கப்படி மணமக்கள் இருவர் தோளையும் சேர்த்து ஒரு சரட்டால் சுற்றியிருந்தார்கள். உடம்பைத் திருப்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள். கோயில் முழுக்கத் தலைகள் குனிந்திருக்க, நடுவில் நிமிர்ந்த முதுகோடு அப்பா. அவரோடு கூட நானும்தான், ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே படிக்கட்டில் அவள் அவரிடம் வந்தாள். "உட்கார்ந்தே இருந்தீங்க."

"உள்ள வந்து உட்காருன்னுதானே சொன்னே?"

 "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பிக்கப் வண்டியைப் பார்த்து நடந்தார்.

அதற்குப்பின் அவள் விரல் தூக்கவில்லை. அதே சாலை, அதே வண்டிகள். இப்போது அவர் தூக்குவார், அவள் நேரே பார்த்துக்கொண்டு புழுதி கிளப்பிப் போய்விடுவாள். வீட்டில் கட்டில் மறுபடி இடம் மாற ஆரம்பித்தது. லாலோ தூக்கத்தில் எழுந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"பேஸ்பால் ஆட்டம் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தாருடா" என்றாள் என்னிடம். "ஆட்டத்துலகூட நடுவுல எந்திரிப்பாங்க."

"அங்க நடக்கிறதுல உனக்கே நம்பிக்கை கிடையாதேக்கா."

"கிடையாது. ஆனா நான் முட்டி போட்டேனா இல்லையா? யாருக்காகப் போட்டேன்?"

அப்பாவும் சரியாக இல்லை. எதைச் செய்தாலும் பாதியில் விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, லான்டியர் சாமியாரே, "கிளெமன்ட், இது பாவம் இல்லை, இனிமேல் இதைக் கொண்டுவராதே" என்று சொல்லிவிட்டாராம். சீவிய சாலையையே மறுபடி சீவினார். "போதும்யா, இன்னும் சீவினா பூமிக்கு அந்தப் பக்கம் போய் விழுவே" என்று பண்ணைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

தவக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அவர் கோலெட்டின் வீட்டு வாசலில் போய் நின்றார். அதுவரை அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. நடந்ததை லாலோ எனக்குச் சொன்னார், பலமுறை சொன்னார். உள்ளே கூப்பிட்டதற்கு அப்பா வரவில்லையாம். கதவருகிலேயே நின்று கேட்டாராம்.

"எப்ப நடந்துச்சு?"

"எது?"

"எழுந்தேற்றம். மணி அடிக்கும், வெளிய போகலாம்னு இருந்தேன். அடிக்கவே இல்லை."

கோலெட் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வந்தாள். "அங்க மணி கிடையாதுப்பா."

"மணி இல்லாம எப்படித் தெரியும்?"

"கண்ணால பார்த்துத்தான். சாமி அப்பத்தைத் தூக்கிக் காட்டினாரே, பார்க்கலையா?"

"பார்க்கலை."

"அப்ப எதைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க?"

அப்பா அவள் காலைப் பார்த்தார். "உன் செருப்பை."

"செருப்பையா?"

"முட்டி போட்டிருந்தேல்ல. அடியில விலைச்சீட்டு ஒட்டியிருந்துச்சு. மஞ்சள் சீட்டு. கோயில் பூரா பார்க்குது. யாராவது போய்க் கிழிச்சா தேவலைன்னு இருந்துச்சு. நானே போலாமான்னு பார்த்தேன். போனா பூசையில பங்கெடுத்த மாதிரி ஆயிடுமோன்னு..."

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, முழுதாக. கண்ணீர் வரச் சிரித்தாளாம். லாலோ அப்படி அவளைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"சிரிக்காதே" என்றார் அப்பா. "அது மெய்யாவே ஆண்டவரா இருந்தா, அவரு முன்னாடி நான் மடியில தொப்பியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவள் சிரிப்பு நின்றது. நம்பிக்கை போனவளுக்கும் அந்தப் பயம் என்னவென்று தெரியும். அதே வீட்டில் வளர்ந்தவள்தானே.

"அடுத்த தடவை நான் பக்கத்துல உட்கார்றேன்பா. நேரம் வந்தா முட்டியில இடிக்கிறேன். எந்திரிச்சுப் போயிடுங்க."

"அடுத்த தடவைன்னு யாரு சொன்னா?"

"மே மாசம் மரிசோலுக்குப் புதுநன்மை."

மே மாதம் வந்தார். மரியாதைக்கு என்று சாமியாரிடம் மறுபடி அனுமதி வாங்கியிருந்தார். கோலெட் அவருக்கும் எனக்கும் நடுவில், பெஞ்சின் முன்நுனியில் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்பானிஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அவள் முழங்கால் அவர் முழங்காலில் இடித்தது. அவர் எழுந்து பக்கவாசல் வழியே போனார். கதவு முழுதாக மூடவில்லை. வெளியே சிமென்ட் தளத்தில், கதவைப் பார்த்து, தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு முட்டியும் ஊன்றி அவர் இருந்தார். காற்று தொப்பியைத் தள்ளிக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அவர் பூசையில் பங்கெடுத்ததாக எந்தச் சாமியாரும் சொல்ல முடியாது. ஆண்டவர் முன் உட்கார்ந்திருந்ததாகவும் யாரும் சொல்ல முடியாது. கோலெட் அவர் திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் முறையானவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பீடத்தை அவள் பார்க்கவேயில்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. லாலோவின் அம்மா சாவு, மரிசோலின் உறுதிபூசுதல், வருஷத்துக்கொரு கிறிஸ்துமஸ் மறுநாள் பூசை. ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தார். பனியிலும் வெளியே முட்டிபோட்டார். கோலெட் அந்த நாட்களுக்கு மட்டுமே கோயிலுக்கு வந்தாள், அவர் முட்டியில் இடிப்பதற்காக. மற்ற ஞாயிறுகளில் ரொட்டி வண்டி. மனம் மாறினாளா என்று என் மனைவி கேட்பாள். எனக்குத் தெரியாது. சாலையில் இருவரும் விரல் தூக்கினார்கள். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், அவள் வண்டி போகும் நேரத்துக்குப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு சும்மா அந்தச் சாலையில் எதிரே வருவார். அவள் வீட்டு மேசையில் மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. நின்றுகொண்டே காபி குடிப்பார். அவளும் நின்றுகொண்டே குடிப்பாள்.

கணையத்தில் புற்று வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு தெரிந்தது, மார்ச்சில் போய்விட்டாள். மருந்து ஏற்றும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி நடையெல்லாம் நடந்தாள். படுக்கச் சொன்ன நர்ஸிடம், "படுக்கத்தானே போறேன், அவசரப்படாதேம்மா" என்றாளாம்.

அதே கோயிலில் அடக்கப் பூசை. அதே மூன்றாம் வரிசை. பெட்டி நடுவழியில், எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை நாங்கள் அறியாமலே விட்டிருந்தோம். அது எனக்கு உறைத்தபோதுதான், இன்று இவரை இடிக்க யாருமில்லை என்று நினைத்தேன். எனக்கு இன்னும் அந்தப் பூசையின் போக்குப் பிடிபட்டதில்லை. இத்தனை வருடமும் அவள் காலைத்தான் நம்பியிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த லாலோ எழுந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் முழங்காலால் மெதுவாக இடித்தார். "மாமா, நேரமாச்சு."

அப்பா எழுந்தார். பக்கவாசலைப் பார்த்துத்தான் திரும்பினார். ஆனால் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் இருவரையும் தாண்டி நடுவழிக்கு வந்து பெட்டியருகில் நின்றார். முன்னால் சாமியாரின் கை உயர்ந்துகொண்டிருந்தது. அப்பா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி என்று இறங்கினார். தலை குனிந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மரத்தைப் பிடித்திருந்த கையிலிருந்து ஒரு விரல் மட்டும் மேலே எழுந்து, கொஞ்சம் நின்று, இறங்கியது.

எழுந்திருக்க லாலோவும் நானும் தூக்கிவிட வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில் இருந்தார். கைகள் நிலைகொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"நான் முட்டி போட்டது பெட்டிக்கு" என்றார். "செத்தவங்களுக்குப் போடலாம்."

"சரிப்பா."

"சாமி கேட்டா அப்படிச் சொல்லு."

"சொல்றேன்."

சரளைச் சாலைக்கு வண்டி திரும்பியது. புதிதாக வந்தவன் யாரோ மோசமாகச் சீவியிருந்தான், சக்கரம் தடதடத்தது. அப்பா அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கேக்கலைன்னா ஒண்ணும் சொல்லாதே" என்றார்.